டெக்சஸில் வீட்டு ஏஜென்ட் தேர்வு: கேள்விக்கு முன்னால் வரும் வில்லங்கம்

டெக்சஸ் மாநிலத்தில் வீடு விற்று வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட் ஆவதற்கு, 30 மணி நேரப் பாடங்கள் ஆறு, மொத்தம் 180 மணி நேரம் படிக்க வேண்டும். மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்துக்கு விண்ணப்பித்து, அங்கிருந்து தகுதிக் கடிதம் வந்த பிறகு, பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனத்தின் மையத்தில் தேர்வு. டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இதில் இறங்கும் தமிழர்களுக்கு முதல் தொல்லை பெரும்பாலும் சொந்தப் பெயரில்தான் வருகிறது.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டமோ முதற்பெயர்க் கட்டமோ காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயர் குடும்பப்பெயராகிவிடும். முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’, அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’, என்று ஏறும். டிரைவிங் லைசென்ஸும் அதையே தொடரும். நாமோ விண்ணப்பத்தில் வழக்கம்போல இனிஷியலோடு எழுதிவைப்போம். அடையாள அட்டையும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் மையத்தில் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய பணமும் போய்விடும். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் அப்பா பெயர் கதையைச் சொல்லிப் பயனில்லை, பதிவைத் திருத்தும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. தகுதிக் கடிதம் வந்த அன்றே அதையும் அட்டையையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிசகு இருந்தால் ஆணையத்துக்கு எழுதித் திருத்திய பிறகே தேதி வாங்குங்கள். காலாவதியான அட்டையோ ஜெராக்ஸோ செல்லாது.

தேதியை மாற்ற வேண்டுமானால் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தவறினால் கட்டணம் திரும்பாது. உடல்நலக் குறைவு, வீட்டில் மரணம், நீதிமன்ற அழைப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆதாரத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். உடல் குறைபாடு உள்ளவர்கள் கூடுதல் நேரம் போன்ற வசதிகளைக் கேட்பது சலுகையல்ல, 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் தந்த உரிமை. ஆனால் தேதி வாங்குவதற்கு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும்.

தேர்வில் இரண்டு பகுதிகள்: நாடு முழுவதற்கும் பொதுவானது ஒன்று, டெக்சஸ் சட்டம் பற்றியது மற்றொன்று. ஒன்றில் தேறி மற்றதில் தவறினால், தவறியதை மட்டும் திரும்ப எழுதலாம். மூன்று முறை தவறினால்தான் சிக்கல்: ஒரு பகுதிக்கு 30 மணி நேரம், இரண்டுக்கும் என்றால் 60 மணி நேரம் கூடுதலாகப் படித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார முடியும். இதற்கிடையில் விண்ணப்பத்தின் ஓராண்டு ஆயுளும் ஓடிக்கொண்டிருக்கும். பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டும் முன், ஆணையம் வெளியிடும் பள்ளிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் விகிதத்தை நான் நம்பமாட்டேன். ‘நேற்று வந்த கேள்விகள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைத் தொடவே வேண்டாம். கேள்விகளை வெளியே சொல்வது தேர்வு விதிப்படி குற்றம்.

பழைய வழக்கு ஏதாவது இருப்பவர்கள், லைசென்ஸ் கிடைக்குமா என்று படிப்புக்குச் செலவழிக்கும் முன்பே ஆணையத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை.

விசா விஷயம் தனி. எச்1பி விசாவில் இருப்பவர் தேர்வில் தேறலாம். கமிஷன் வாங்கி வேலை செய்ய அந்த விசா அனுமதிக்காது. எச்4 விசாவில் வந்து வேலை அனுமதி அட்டை பெற்ற அவருடைய துணைவருக்கு அந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், லைசென்ஸ் வாங்கிவிட்ட நண்பரை அல்ல.

தேறிய கையோடு தொழில் தொடங்கவும் முடியாது. லைசென்ஸ் பெற்ற புரோக்கர் ஒருவர் பொறுப்பேற்கும் வரை அது செயலற்ற லைசென்ஸ்தான். அதற்குள் நண்பருக்கு வீடு காட்டிக் கமிஷன் பேசுவது லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்ததாகிவிடும். டெக்சஸில் அது கிரிமினல் குற்றம். அப்படிப் பேசிய கமிஷனை எதிராளி தராமல் ஏமாற்றினாலும், நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வசூலிக்கச் சட்டம் இடம் தராது.