தானியங்கி நிரல் வெளியீட்டில் இரகசியங்களைக் காத்தல்

கணிப்பொறி நிரல் ஒன்று, எழுதுவோரிடமிருந்து பொதுமக்களின் பயன்பாட்டிற்குரிய சர்வரைச் சென்றடையுமுன் பல படிகளைக் கடக்கின்றது. தொகுத்தல், சோதித்தல், நிறுவுதல் ஆகிய இப்படிகளை இயந்திரமே வரிசையாக நிறைவேற்றுவது தானியங்கி வெளியீட்டு முறை எனப்படும்.

ஒரே நிரல் சோதனைக்கூடத்திலும் பணியிடத்திலும் இயங்க வேண்டியிருத்தலின், இடத்திற்கேற்ப மாறும் விவரங்கள் நிரலினுள் எழுதப்படுவதில்லை. தரவுத்தளத்தின் முகவரி போன்றவை, பெயரும் மதிப்பும் கொண்ட இணைகளாக வெளியே வைக்கப்படுகின்றன. இவையே சூழல் மாறிகள். கடவுச்சொல், அனுமதிச் சாவி முதலிய இரகசியங்களும் பெரும்பாலும் இவ்வழியே நிரலை அடைகின்றன. அவற்றை நிரலினுள்ளேயே எழுதிவிடின், பின்னர் அழித்தபோதிலும் சேமிப்பிலுள்ள பழைய பதிப்புகளில் அவை எஞ்சி நிற்கும்.

ஆயினும் சூழல் மாறிகளிலும் ஓர் அபாயம் உண்டு. ஒரு செயல்முறை, தான் தொடங்கும் துணைச் செயல்முறைகளுக்கெல்லாம் தன் மாறிகளை இயல்பாகவே வழங்குகின்றது. ஆகவே, வெளியாரிடமிருந்து பெற்ற சிறு துணைநிரலும் அவற்றைப் படிக்க இயலும்.

2021 ஆம் ஆண்டில் வெளிப்பட்ட கோட்கவ் நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும். நிரலின் எவ்வளவு பகுதி சோதிக்கப்பட்டது என்பதை அளந்து கூறும் நிறுவனம் அது. அதன் துணைநிரலை வாடிக்கையாளர் பலர் தம் வெளியீட்டு முறைகளில் இயக்கி வந்தனர். அவ்வாண்டு ஜனவரி 31 முதல் அயலார் அத்துணைநிரலைத் திருத்தி, சூழல் மாறிகள் தம் சர்வருக்கு வந்து சேருமாறு செய்தனர். இறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகை, வெளியிடப்பட்டிருந்த தொகையினின்றும் வேறுபட்டமையை வாடிக்கையாளர் ஒருவர் கண்டு அறிவித்தமையால், ஏப்ரல் 1 அன்று இது தெரியவந்தது.

இதனைக் கருதிப் பின்வரும் விதிகள் கைக்கொள்ளத்தக்கன:

1. ஒவ்வோர் இரகசியமும், அதனை வேண்டும் படிக்கு மட்டுமே அளிக்கப்படுதல் வேண்டும். நிறுவும் படிக்குரிய சாவியைச் சோதிக்கும் படி அறிய வேண்டுவதில்லை.

2. சாவியின் அதிகாரம் குறுகியதாகவும் ஆயுள் சிறியதாகவும் இருத்தல் நன்று. ஒவ்வோர் ஓட்டத்திற்கும் புதிதாக வழங்கப்பட்டுச் சிறிது நேரத்தில் காலாவதியாகும் சாவியே மேலானது.

3. வெளியார் துணைநிரலை, சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்ட பின்னரே இயக்குதல் வேண்டும்.

4. பதிவேட்டில் இரகசியங்கள் உடுக்குறிகளால் மறைக்கப்படினும், அம்மறைப்பை முழுமையாக நம்பலாகாது. வேறு குறியீட்டு வடிவிற்கு மாற்றப்பட்ட இரகசியம் அதனைக் கடந்து அச்சாகிவிடக்கூடும்.

5. இரகசியம் கசிந்ததெனின், அதனை அழித்தல் மட்டும் பரிகாரமாகாது. பழைய சாவியைச் செல்லாததாக்கிப் புதியதை வழங்குதலே தக்க நடவடிக்கையாகும்.