மூளையின் சேமிப்பு

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும் தாத்தாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிரித்தும் இருக்கிறோம். ஆனால் அதே தாத்தா ஒருநாள் கண்ணாடியைக் கையில் எடுத்து, “இது எதற்கு?” என்று கேட்டால் அது சிரிக்கும் செய்தி அன்று. முன்னது முதுமையின் இயல்பு. பின்னது டிமென்ஷியா என்னும் மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

“வயதானால் அப்படித்தான்” என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவது நம் வழக்கம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. எனவே இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது.

திட்டுகளும் சிக்குகளும்

மறதி நோய்க்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் இதை முதன்முதலாக விவரித்தார். நோயால் இறந்த ஒரு பெண்ணின் மூளையை அவர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது இரண்டு மாற்றங்களைக் கண்டார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ ஒரு பொருள் படிந்திருந்தது. நரம்பணுக்களுக்கு உள்ளே நூல் சிக்கியது போன்ற இழைகள் இருந்தன. திட்டுகள் அமிலாய்டு என்ற புரதத்தாலும், சிக்குகள் டௌ என்ற புரதத்தாலும் ஆனவை என்பது பின்னாளில் தெரிந்தது.

திட்டும் சிக்கும் மிகுந்தால் நினைவு குன்றும். அவை குறைவாக இருந்தால் நினைவு தெளிவாக இருக்கும். இப்படித்தான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் இந்தக் கணக்கு எல்லோரிடமும் சரிவரவில்லை. அதை உலகம் அறியச் செய்தவர்கள் கன்னிமாடத்தில் வாழ்ந்த சில முதிய சகோதரிகள்.

கன்னிமாடத்தில் ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மன்காட்டோ என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள நோட்ர டாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் கன்னிமாடத்தில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆராய்ச்சியாளர் 1986ஆம் ஆண்டில் தம் பணியைத் தொடங்கினார். பின்னர் அமெரிக்காவின் பிற பகுதிகளில் இருந்த அதே சபையினரும் சேர்ந்தனர். 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் இதில் பங்கேற்றனர். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்பட அவர்கள் இசைந்தனர். இறந்தபின் தம் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் இசைந்தனர்.

கன்னியரை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? பொதுவாக மக்களை ஒப்பிடும்போது ஒருவருடைய உணவு வேறு, வருவாய் வேறு, மருத்துவ வசதி வேறு. எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிவது கடினம். இச்சகோதரிகளோ ஒரே வகை உணவை உண்டவர்கள். ஒரே வகை இல்லத்தில் வாழ்ந்தவர்கள். புகைப் பழக்கம் இல்லாதவர்கள். பெரும்பாலோர் ஆசிரியைகள். அவர்களுடைய இளமைக்கால ஏடுகளும் கன்னிமாடத்தில் பத்திரமாக இருந்தன.

இவர்களுள் ஒரு சகோதரி தம் 101ஆம் வயதில் காலமானார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்வரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். அவருடைய மூளையை ஆராய்ந்தவர்கள் திகைத்தனர். அல்சைமர் நோயின் திட்டுகளும் சிக்குகளும் அதில் ஏராளமாக இருந்தன! மூளையில் நோயின் அடையாளம் இருந்தது. வாழ்க்கையில் நோய் தென்படவில்லை.

பல வழிகள் உள்ள ஊர்

இது எப்படி இயலும்? மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பல்லாயிரம் இணைப்புகளால் மற்றவற்றுடன் தொடர்புகொள்கிறது. ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். சந்தைக்குச் செல்ல ஒரே பாலம்தான் என்றால், வெள்ளத்தில் பாலம் உடைந்த அன்றே ஊர் துண்டிக்கப்படும். வரப்பு வழி, வண்டிப்பாதை, சுற்றுச்சாலை என்று நான்கு வழிகள் இருந்தால் பாலம் உடைந்தாலும் சந்தை நடக்கும். நிறைய இணைப்புகளை வளர்த்துக்கொண்ட மூளையும் அத்தகையதே. ஒரு வழி சிதைந்தால் மற்றொரு வழியில் அது வேலையை முடித்துக்கொள்கிறது. இதனை அறிவாற்றல் சேமிப்பு என்று விஞ்ஞானிகள் அழைக்கின்றனர்.

இந்தச் சேமிப்பு எப்போது தொடங்குகிறது? சகோதரிகள் சபையில் சேர்ந்தபோது, சராசரியாக 22ஆம் வயதில், தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருந்தனர். அவற்றுள் 93 ஏடுகளை ஸ்னோடன் குழுவினர் ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் என்று அவர்கள் கணக்கிட்டனர். “என் தந்தை ஒரு தச்சர். எங்கள் வீடு சிறியது” என்று எழுதுவது ஒரு வகை. “தச்சுப் பட்டறையின் இரைச்சலுக்கு நடுவே, தந்தை சீவிப் போட்ட பலகையில்தான் நான் எழுதப் பழகினேன்” என்று எழுதுவது மற்றொரு வகை. கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்களே சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பின் சோதனைகளில் பெரும்பாலும் பின்தங்கினர்.

இதைக் கொண்டு, செறிவாக எழுதினால் நோய் வராது என்று முடிவு கட்டக் கூடாது. இளமையில் வளமாக வளர்ந்த மூளை அப்படி எழுதியிருக்கலாம். எழுத்து அதன் அடையாளமாக மட்டும் இருக்கலாம். ஆனால் முதுமை மூளையின் கதை முதுமையில் தொடங்குவதில்லை என்பது தெளிவாயிற்று.

இரத்தக் குழாய்களின் பங்கு

அதே ஆராய்ச்சி மற்றொரு செய்தியையும் தந்தது. இறந்தபின் மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் உறுதியான 61 சகோதரிகளை 1997ஆம் ஆண்டில் தனியே ஆராய்ந்தனர். மூளையில் இரத்த அடைப்பின் வடு எதுவும் இல்லாதவர்களில் 57 விழுக்காட்டினருக்கு மறதி நோய் வெளிப்பட்டிருந்தது. மூளையின் ஆழ்பகுதியில் ஓரிரு சிறிய அடைப்புகள் இருந்தவர்களிலோ அது 93 விழுக்காடு! பாலம் உடைந்த ஊரில் சுற்றுச்சாலையும் அரித்துப் போனது போன்ற நிலை இது.

சிறு அடைப்புகளுக்கு முக்கியக் காரணம் உயர் இரத்த அழுத்தம். அப்படியானால் அழுத்தத்தைக் குறைத்தால் மறதி நோயும் குறையுமா? சீனாவில் 326 கிராமங்களில், உயர் இரத்த அழுத்தம் உள்ள சுமார் 34,000 பேரிடம் இதைச் சோதித்தனர். ஒரு பகுதிக் கிராமங்களில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களே மாத்திரைகளை முறையாகக் கொடுத்து, அழுத்தத்தை 130க்கு 80 என்ற அளவுக்குக் கீழே கொண்டுவர முயன்றனர். நான்கு ஆண்டுகளில் அக்கிராமங்களில் மறதி நோய் 15 விழுக்காடு குறைந்தது. 2025ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது. பெரிய மருத்துவமனையோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

எழுத்தறியாதவர்களுக்கும் உண்டு

“சேமிப்பு என்பது படித்தவர்களுக்கு மட்டும்தானா?” என்று நீங்கள் கேட்கலாம். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு, 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் விடை ஒன்றைத் தந்தது. இரு மொழிகளோ அதற்கு மேலோ பேசியவர்களுக்கு நோய் சுமார் நான்கரை ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கியிருந்தது. பள்ளிக்கே செல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று பேசும் பாட்டியும் தம்மை அறியாமலே சேமித்துக்கொண்டிருக்கிறார் எனலாம். வேறு சில நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இத்தகைய பயன் தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சேமிப்புக்கும் எல்லை உண்டு. நோய் உள்ளே பெருகிக்கொண்டே போனால் ஒரு நாள் கையிருப்பு தீர்ந்துவிடும். அதனால்தான் நன்கு படித்தவர்களிடம் நோய் தாமதமாக வெளிப்பட்டாலும், வெளிப்பட்டபின் விரைந்து முற்றுகிறது. ஆகவே நோயுற்ற ஒருவரைப் பார்த்து, ‘இவர் மூளைக்கு வேலை கொடுக்கவில்லை’ என்று குறை கூறுவது அறியாமை. பரம்பரையும் வயதும் எவர் கையிலும் இல்லை.

நம் கையில் உள்ளவை

2024ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கைப் பட்டியலிட்டது. இளமையில் கல்வி இன்மை, காது கேளாமை, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம், மிகுதியான மது, உடலுழைப்பு இன்மை, பருமன், மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, காற்று மாசு என்பன அவை. இவை அனைத்தும் நீங்கினால் உலகில் ஏறக்குறைய 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு.

பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். பல காரணங்கள் தனி மனிதரோடு முடிவன அல்ல. பள்ளிப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பப்படும் சிறுமி, அறுபது ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும் சேமிப்பை இன்றே இழக்கிறாள். காது கேளாத பெரியவரிடம் பேசுவதைக் குடும்பத்தார் நிறுத்திவிட்டால், அவர் மூளைக்குச் செல்லும் வழிகளில் ஒன்றை அடைத்துவிடுகிறார்கள்.

இன்று மாலை வீட்டில் உள்ள பெரியவரிடம் சற்று நேரம் அமர்ந்து பேசுங்கள். அவருடைய இரத்த அழுத்தத்தைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்றும் கேளுங்கள். பெயர்களையும் வழிகளையும் அவர் அடிக்கடி மறப்பதாகத் தோன்றினால், ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.