கண்டும் காணாமல் போகும் பாட்டி

கோயிலில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிக்கும் பாட்டி, இப்போது கண்டும் காணாமல் போகிறார். மலேசியாவில், சுவா பக்கத்துத் தோட்டங்களில் இதற்கு உடனே ஒரு காரணம் கிடைத்துவிடும்: "மகன் சிரம்பான்ல வீடு வாங்கிட்டான்ல, அந்தப் பெருமை." எதிரே வருவது யாரென்றே அவருக்குத் தெரியவில்லை என்று யாருக்கும் தோன்றாது. பாட்டியும் வாய் திறக்கமாட்டார். திறந்தால், கிளினிக்குக் கூட்டிப்போக மகன் லீவு போட வேண்டும்.

முதுமையில் பார்வை மெல்ல மெல்லத்தான் மங்கும். அதனால் வீட்டார் அதற்குத் திமிர், மறதி, கால் பலவீனம் என்று வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

கண்ணின் வில்லை பழுப்பேறிக் கலங்குவதுதான் கண்புரை. பழுப்பு வில்லை நீலத்தை விழுங்கும். ஒரு வெள்ளி நோட்டு நீலம். ஐம்பது வெள்ளி நீலப்பச்சை. கடையில் மீதிக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நிற்கும் பாட்டிக்குப் பின்னால் வரிசை முணுமுணுக்கும். அடுத்த முறை கடைக்குப் பேரன் போவான். பிறகு கோயில் நிற்கும், கல்யாண வீடு நிற்கும். மிச்சமிருப்பது வானொலியும் கட்டிலும்.

நெற்றி விளக்கோடு இருட்டில் பால்மரம் சீவிய தாத்தா, பழகிய வாசற்படியில் விழுகிறார். முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பார்கள். கோளாறு கண்ணழுத்த நோயாக இருக்கலாம். அது ஓரப் பார்வையை முதலில் அரிக்கும்; நேரே உள்ளது தெளிவாகத் தெரிவதால் அவருக்கே சந்தேகம் வராது. இழந்த பார்வை திரும்பாது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காக்கும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் பாடு இன்னும் சிக்கல். அது விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுக்கும். இன்சுலின் பேனாவில் எண் தெரியாமல், காதருகே வைத்துத் திருகி 'டிக், டிக்' சத்தத்தை எண்ணுபவர்கள் உண்டு. நடுவில் ஒரு மோட்டார் போனால் கணக்குத் தப்பும்.

பார்வை பெரிதும் போனவர்களில் சிலருக்கு இல்லாத பூக்களும் குழந்தைகளும் தெரிவதுண்டு. காட்சி வராத மூளை, தானே காட்சி வரைந்துகொள்கிறது. சார்ல்ஸ் பொனே என்ற சுவிஸ் அறிஞர் 1760இல் தம் தாத்தாவிடம் கண்டு எழுதியது இது. நம் வீடுகளில் பூசாரியைத்தான் முதலில் கூப்பிடுவோம். மறதி நோய்க்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டு: சரிசெய்யாத பார்வைக் குறையை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் மறதி நோயின் ஆபத்துக் காரணிகளில் சேர்த்தது.

மலேசியாவில் 2014இல் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்த தேசியக் கண் ஆய்வில், பார்வையின்மைக்குக் காரணமாக 58.6 விழுக்காட்டில் நின்றது சிகிச்சை செய்யாத கண்புரை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். கண்புரைக்கு வழி இருக்கிறது: பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து, கலங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை பொருத்துவார்கள். பலர் அன்றே வீடு திரும்பலாம். அரசு கிளினிக்கில் கண்ணைக் காட்டி, மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குவதுதான் முதல் வேலை. கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும். ஒரு தொப்பியும், கூடப் போக ஒரு ஆளும் வேண்டும்.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வரும் பாட்டி முதலில் பார்ப்பது பேரன் முகமாக இருக்காது. அடுப்பு மேடையைப் பார்த்துவிட்டு மருமகளிடம் கேட்பார்: "இவ்வளவு நாளா இப்படியா வச்சிருந்தே?"