நான்கு நாளில் ஓர் அயல் நகரம்

கடல் கடந்து செல்லும் உல்லாசப் பிரயாணம் ஒரு காலத்தில் பெருஞ்செல்வர்க்கே உரியதாக இருந்தது. இன்று நிலைமை வேறு. தாராவியில் சிறு பட்டறை வைத்து நடத்துவோரும், மாதுங்காவில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோரும், செம்பூரிலிருந்து நாள்தோறும் ரயிலேறி அலுவலகம் செல்லும் தம்பதியரும் சில ஆண்டுச் சேமிப்பைத் திரட்டி மூன்று நான்கு நாள் அயல்நாடு சென்று திரும்புகின்றனர். இவர்களுள் பலர் முதலில் தேர்ந்தெடுக்கும் நகரம் சிங்கப்பூர். மும்பையிலிருந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேர விமானப் பயணம். சென்றிறங்கும் நாட்டில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. வயது முதிர்ந்த தாய் தந்தையரையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்ற தைரியம் இதனால் பிறக்கிறது.

ஆயினும், சேமிப்பு பெரிது; நாட்கள் சில. மறுமுறை செல்வோம் என்ற உறுதி பெரியவர்களுக்கு இல்லை. ஆகையால், வழிகாட்டியுடன் நகரைச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாட்டினை எவ்வாறு திட்டமிடுவது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவதாக, கையிலுள்ள காலத்தை உள்ளபடி கணக்கிட வேண்டும். வியாழக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு மும்பையில் விமானம் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே செல்வது. எனவே அங்கே இறங்கும்பொழுது வெள்ளி காலை ஏழரை மணி; நம் உடலுக்கோ விடியற்காலை ஐந்து மணி. விடுதி அறை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். திங்கட்கிழமை மாலை திரும்புவதாயின் மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருத்தல் வேண்டும். ஆக, நான்கு நாள் என்று நாம் சொல்லும் பயணத்தில் மிஞ்சுவன ஆறு அரைநாட்களே: வெள்ளி மாலை, சனி இரண்டு, ஞாயிறு இரண்டு, திங்கள் காலை. திட்டத்தை நாட்களாக எழுதாமல் இவ்வாறு அரைநாட்களாக எழுதிப் பார்த்தால், அளவுக்கு மிஞ்சி ஆசைப்படும் தவறு தானே நீங்கும்.

இந்த ஆறில் வழிகாட்டிக்கு எத்தனை ஒதுக்கலாம்? இரண்டு போதும் என்பது நமது கருத்து. முதற்சுற்று சனிக்கிழமை காலையில் அமைதல் நன்று. இரவெல்லாம் உறங்காமல் வந்திறங்கிய வெள்ளிக்கிழமையே சுற்றுலா பஸ்ஸில் ஏறினால், பெரியவர்கள் இருக்கையிலேயே கண்ணயர்ந்துவிடுவர், கட்டணம் வீணாகும். கடைசி நாளுக்கு ஒத்திவைப்பதும் பயன்படாது. நகரின் அமைப்பை முதலில் அறிந்துகொண்டால்தான், மீண்டும் வந்து நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் எதுவெனத் தெரியும்.

நகர்ச் சுற்றுலாக்கள் பல வகைப்படும். பெரிய பஸ்ஸில் கூட்டமாக மூன்று நான்கு மணி நேரம் சுற்றிவருவது ஒரு வகை. நடக்க இயலாதோர்க்கு இது சௌகரியம். விரும்பிய நிறுத்தத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்வது மற்றொரு வகை. இதில் விளக்கம் பெரும்பாலும் ஒலிப்பதிவே, கேள்வி கேட்க ஆள் இராது. ஒரு வட்டாரத்தை மட்டும் கால்நடையாகப் பார்ப்பது மூன்றாம் வகை. அறிவுக்கு இதுவே சிறந்த விருந்து, முழங்கால் இடங்கொடுக்குமாயின். நம் குடும்பத்திற்கென்றே வழிகாட்டி ஒருவரை அமர்த்துவது நான்காம் வகை. செலவு மிகுதிதான். எனினும், ஐந்தாறு பேர் சேர்ந்தால் தலைக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.

எவ்வகையைத் தேர்ந்தாலும் பணம் கட்டுமுன் சில வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறுதல் அவசியம். விடுதிக்கே வந்து அழைத்துச் செல்வார்களா, அல்லது நாம் ஓரிடத்திற்குச் சென்று சேர வேண்டுமா? நுழைவுச் சீட்டுகள் கட்டணத்தில் அடக்கமா? எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், படிகள் எத்தனை? விளக்கம் எம்மொழியில்? சைவ உணவு கிடைக்குமா? எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள்? இந்தக் கடைசி வினா முக்கியமானது. பஸ்ஸை நிறுத்துவதற்காகக் கடைக்காரர் தரகு கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. குறைந்த கட்டணத்தில் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி, பாதி நேரத்தை நகைக்கடையிலும் மிட்டாய்க்கடையிலும் கழிப்பது சுற்றுலாவாகாது. சிங்கப்பூரில் கட்டணம் பெற்று வழிகாட்டுவோர் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றிருத்தல் சட்டம். அந்த அடையாள அட்டையைக் காட்டுமாறு மரியாதையுடன் கேட்கலாம்.

நேரமும் கிழமையும் அறிந்து திட்டமிடாவிடில், அருகில் சென்றும் காணாமல் திரும்ப நேரிடும். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில், பெரும்பாலான கோயில்களைப் போலவே நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறப்பது. பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே வந்து நிற்கும் பஸ் கோபுரத்தை மட்டுமே காட்டும். 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திற்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆதலால் அதனை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ள வேண்டும். திங்கள் காலைக்கு ஏற்றது தாவரவியல் பூங்கா. 1859-இல் தோன்றி, 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அப்பூங்கா அதிகாலையிலேயே திறந்துவிடும். உள்ளேயுள்ள ஆர்க்கிட் தோட்டத்திற்கு மட்டுமே கட்டணம். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள ஊராதலால் பிற்பகலில் இடியும் மழையும் அடிக்கடி வரும். காலையில் வெளியிடங்களையும், உச்சிக்குப்பின் கட்டடங்களுக்குள் பார்ப்பனவற்றையும் அமைத்தல் நலம்.

வழிகாட்டி எதற்கு, கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே எனச் சிலர் வினவலாம். வழியைக் காட்டக் கைப்பேசி போதும். பெருவிரைவு ரயிலில் ஏறி எவர் துணையுமின்றி எங்கும் செல்லலாம். ஆனால் பொருளைக் காட்ட மனிதர் வேண்டும். மாரியம்மன் கோயிலை 1827-இல் நிறுவியவர் நாராயண பிள்ளை. அவர் 1819-இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் அங்கே வந்திறங்கியவர். அவ்வூரின் முதற் செங்கற் சூளையைத் தொடங்கியவர். அந்நகரின் பழைய சாலைகளையும், புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் எழுப்பிய கைகளுள் இந்தியாவிலிருந்து தண்டனை பெற்றுக் கொண்டுசெல்லப்பட்ட கைதிகளின் கைகளும் உண்டு. நல்ல வழிகாட்டி இவற்றையெல்லாம் கோத்துச் சொல்லும்பொழுது, வேற்றூர் சென்று உழைத்து நிலைத்தவர்களின் வரலாறு நம் வரலாறாகவே தோன்றும். இரண்டாவது வழிகாட்டிச் சுற்றை ஞாயிறு காலையில் சிராங்கூன் சாலைப் பகுதியில் கால்நடையாக அமைத்துக்கொள்ளச் சொல்வது இதனாலேதான்.

ஞாயிற்றுக்கிழமை அச்சாலையில் மற்றொரு காட்சியும் உண்டு. கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் சென்றுள்ள தொழிலாளர் பலர், நம் தமிழ் மக்களும் அவர்களுள் அடக்கம், வார ஓய்வில் அங்கே கூடுவர். அவர்களைக் கேட்காமல் படமெடுத்தல் கூடாது. இதனை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. நம் தாராவிக்கே 2006 முதல் அயல்நாட்டார் வழிகாட்டியுடன் நடந்து வந்து பார்க்கின்றனர். பட்டறை வாயிலில் நின்று காமிராவை உயர்த்துபவரைப் பற்றியும், அதனைப் பையிலே வைத்துவிட்டுத் தொழிலைப் பற்றிக் கேட்பவரைப் பற்றியும் அங்குள்ளோர் என்ன நினைப்பர் என்பதை நாம் அறிவோம். படமெடுத்தல் கூடாது என்ற விதியோடு சிறு கூட்டமாக அழைத்து வருவோர் அங்கே பெற்றுள்ள மதிப்பையும் அறிவோம். பார்க்கப்படுபவரின் நிலை தெரிந்தவர் நல்ல பார்வையாளராக இருத்தல் எளிது.

இனிச் சில சிறு குறிப்புகள். விசா முன்கூட்டியே பெறப்பட வேண்டும். வருகை அட்டையைப் பயணத்திற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்போரை நம்ப வேண்டாம். வெற்றிலைப் பெட்டியோடு பழகிய பெரியவர்கள் புகையிலையை வீட்டிலேயே விட்டுச் செல்லட்டும். மெல்லும் புகையிலைக்கு அந்நாட்டில் தடை உண்டு. பயணத் தொகுப்பாக வாங்கும்பொழுது நிறுவனத்தார் வசூலிக்கும் வருமானவரிக்கு ரசீது பெற்றுக்கொண்டால், பின்னர் வரிக் கணக்கில் அதனை ஈடு செய்துகொள்ளலாம்.

ஆறு அரைநாட்களுள் ஒன்றை எத்திட்டமும் இன்றி விட்டுவைப்பது கடைசி யோசனை. மழை குறுக்கிட்டாலும், பாட்டிக்குக் கால் வலித்தாலும், வழிகாட்டி சொன்ன ஓரிடத்திற்குக் குழந்தைகள் மீண்டும் போக விரும்பினாலும் அந்த அரைநாள் கைகொடுக்கும். எவையேனும் விடுபட்டுத்தான் போகும். கண்டவற்றை நன்கு கண்டோம் என்ற நிறைவோடு குடும்பத்தார் அனைவரும் நலமாகத் திரும்புவார்களாயின், சேமித்த பணம் தக்க வழியில் செலவாயிற்று என்றே கொள்ளலாம்.