ஸ்டீயரிங்குக்குள் புகுந்த காற்று

திருத்தணி முருகனைத் தரிசிக்க இரண்டு வழி உண்டு. காலில் தெம்பிருப்பவர்களுக்கு 365 படிகள். மற்றவர்களுக்கு மலைமேல் ஏறும் தார்ச்சாலை. அந்தச் சாலை ஓட்டுநரை அவ்வளவாகச் சோதிக்காது. 70 கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலையோ, 40 வளைவு கொண்ட வால்பாறைப் பாதையோ அல்ல இது. கூட்ட நாளில் வண்டியை இடுக்கில் நுழைத்து நிறுத்தும்போதுதான் சோதனை தொடங்கும். முன்னே ஒரு வேன், பின்னே ஒரு பஸ், நடுவில் குழந்தையைத் தோளில் தூக்கிய குடும்பம். வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒடிக்க வேண்டும்.

பவர் ஸ்டீயரிங்கின் குறை வெளிப்படுவதும் அப்போதுதான். ஓடும் வண்டியில் சக்கரம் எளிதாகத் திரும்பும். நின்ற இடத்தில் திருப்பினால் டயர் தரையைத் தேய்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த நேரத்தில் எஞ்சின் ஐடிலில் கிடக்கிறது. அதோடு பெல்ட்டால் இணைந்த பம்பும் மெதுவாகச் சுழல்கிறது. எண்ணெயில் காற்று கலந்திருந்தால் பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்கும். ஸ்டீயரிங் சற்றுக் கனத்து, சட்டென்று லேசாகி, மறுபடி கனக்கும். பெல்ட் தளர்ந்தாலும் சத்தம் வரும். ஆனால் அது கீச்சென்று கத்தும்; இது அடித்தொண்டையில் முனகும். கேட்ட மாத்திரத்தில் மெக்கானிக், “ஏர் புடிச்சிருக்கு” என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

காற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன பகை? பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அதன் தண்டின் அடியில் உள்ள மெல்லிய கம்பி துளி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கில் வால்வு திறந்து, பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு எண்ணெய் பாய்கிறது. பிஸ்டன் சக்கரங்களைத் தள்ளுகிறது. நின்ற வண்டியில் முழுசாக ஒடிக்கும்போது அந்த அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்கையும் தொடலாம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு மடங்கு சொச்சம்தான். எண்ணெய் இந்த அழுத்தத்தில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. காற்றோ, அழுத்தம் ஏற ஏற அதே விகிதத்தில் சுருங்குகிறது. 100 மில்லி காற்று 80 மடங்கு அழுத்தத்தில் ஒரு மில்லி சொச்சமாக ஒடுங்கிவிடும். அதாவது பம்பு அனுப்பும் எண்ணெய் முதலில் குமிழிகளை நசுக்கி முடிக்க வேண்டும், அதன் பிறகே சக்கரத்தைத் தள்ள முடியும். கை உணரும் தயக்கமும் துள்ளலும் அதனால்தான்.

பம்பையோ ஓஸையோ மாற்றினால் காற்று உள்ளே போவது இயல்பு. எண்ணெய் மட்டம் இறங்கிப்போனாலும் புகும். இந்த இரண்டும் இல்லாமல் காற்று ஏறுகிற வண்டிகள்தான் பட்டறையில் நேரத்தைத் தின்பவை. எண்ணெய் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஓஸில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான் இருக்கிறது. அதன் கிளிப் தளர்ந்தாலோ, ரப்பர் வெயிலில் காய்ந்து மயிரிழை அளவு வெடித்தாலோ, வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியாமல் காற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். கசிவைத் தேடி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவருக்குத் தரை காய்ந்தே தெரியும்.

டப்பாவின் மூடியைத் திறந்தால் பாதி விடை கிடைத்துவிடும். பல வண்டிகளில் இருப்பது தானியங்கி கியர் பாக்ஸுக்கான ஏடிஎஃப் எண்ணெய். புதிதாக இருக்கும்போது தெளிந்த சிவப்பு. காற்று கலந்தால் அது கலங்கி வெளிறிய இளஞ்சிவப்பாகி, மேலே பொடிப்பொடியாக நுரை மிதக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அணைத்ததும் மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே நசுங்கிக் கிடந்த காற்று விரிந்தால் மட்டம் எழும். 5 மில்லிமீட்டருக்கு மேல் எழுந்தால் காற்று இன்னும் இருக்கிறது என்பது கணக்கு.

காற்றை எடுக்க விசேஷக் கருவி வேண்டியதில்லை, அவசரப்படாத கை வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்படி ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. டப்பாவைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பிறகே மூடியைத் திறப்பது. அந்த எண்ணெயில் ஒரு மணல் துகள் விழுந்தாலும் பம்புக்கு ஆகாது. குறி வரைக்கும் எண்ணெய் ஊற்றி, எஞ்சினை அணைத்தே வைத்து, ஸ்டீயரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்குமாக நிதானமாக 15, 20 தடவை திருப்ப வேண்டும். இன்னொருவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது. முதல் சில திருப்பலில் பெரிய குமிழிகள் கிளம்பி வெடிக்கும், எண்ணெய் மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்ற வேண்டும். ஒருமுறை டப்பா காலியாகிக் காற்று இழுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். பெரிய குமிழி வேகமாக மேலே வந்துவிடும். அதையே பம்பு அடித்துப் பொடியாக்கினால் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாகி எண்ணெயோடு சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே வர மணிக்கணக்கு ஆகும். அவசரத்தில் அப்படிச் செய்துவிட்டவர்கள் வண்டியை அணைத்துப் போட்டு, நுரை அடங்கும்வரை ஒரு டீ குடித்துவிட்டு வருவதே உத்தமம்.

குமிழி வருவது நின்ற பிறகு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு மீண்டும் இரு பக்கமும் திருப்பலாம். கோடிக்குப் போன ஸ்டீயரிங்கை அங்கேயே அழுத்திப் பிடிக்கக் கூடாது. 5 வினாடிக்கு மேல் பிடித்தால் பம்பு உச்ச அழுத்தத்தில் எண்ணெயைத் தனக்குள்ளேயே சுழற்றிக் கொதிக்கவிடும். மலைமேல் வண்டியை நிறுத்தும்போது பலருக்கும் உள்ள பழக்கம் இது.

எந்த எண்ணெய் என்பதை வண்டியோடு வந்த கையேடு சொல்லும். எல்லாம் எண்ணெய்தானே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப் பாழாகும். அதற்குப் பின் காற்றெடுப்பது பற்றி யோசிக்கவே தேவையிருக்காது.

எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்பும் இந்த ஏற்பாட்டுக்கு வழி வகுத்தவர் ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1926இலேயே ஒரு பியர்ஸ் ஆரோ காரில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். செலவு கட்டாது என்று கம்பெனிகள் தள்ளிப்போட, கார் வாங்குபவர் கைக்கு அது கிரைஸ்லர் இம்பீரியலில் வந்து சேர 1951 ஆனது. தமிழ்நாட்டில் ரானே குழுமம் 1987இல் இதற்கென்றே ஒரு கம்பெனியைத் தொடங்கியது. அதன் ஸ்டீயரிங் ஆலை இருப்பது விராலிமலையில். அதுவும் முருகன் மலைதான்! பவர் ஸ்டீயரிங் இல்லாத பஸ்களில் ஓட்டுநர்கள் வளைவில் இருக்கையை விட்டு அரையாக எழுந்து, உடம்பின் கனத்தையே போட்டு ஒடித்ததை நடுவயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது வரும் சிறிய கார்களில் பெரும்பாலும் மின்சார ஸ்டீயரிங். மோட்டார் உதவுகிறது, அதில் எண்ணெயும் இல்லை, காற்றுத் தொல்லையும் இல்லை. பஸ், லாரி, டிராக்டரில் இன்னும் எண்ணெய் ராஜ்யம்தான். திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ள திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு இழுக்கும் டிராக்டர்களுக்கு இது கொஞ்சம் தீவிரமான சங்கதி. பம்பு உதவாமல் போனாலும் காரில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பு இருக்கிறது. கை வலிக்கும், ஆனால் திரும்பும். பவர் ஸ்டீயரிங் டிராக்டர்கள் பலவற்றில் அந்தத் தொடர்பே கிடையாது. ஓஸுக்குள் ஓடும் எண்ணெய்தான் சக்கரத்துக்குச் செய்தி சொல்கிறது. அங்கே காற்று புகுந்தால் ஸ்டீயரிங் சும்மா சுற்றும், சக்கரம் யோசித்துத் திரும்பும். பின்னால் டிரெய்லர் நிறையக் கரும்பு.

காற்றை எடுத்த வண்டியை ஒரு வாரம் ஓட்டிவிட்டு டப்பாவை மறுபடி திறந்து பார்க்க வேண்டும். நுரை திரும்பியிருந்தால் இன்னொரு தடவை காற்றெடுப்பதில் பயனில்லை. பம்புக்குப் போகும் அந்த உறிஞ்சு ஓஸையும் கிளிப்பையும் மாற்றிவிட்டு, அப்புறம் ஜாக்கியை எடுக்கலாம்.