கொம்பு ஊதுற கை: தோளுக்குத் தசையை இடம் மாத்துறது எப்படி?

ராசிபுரத்துல இருந்து ஒரு அண்ணன் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவரோட அஞ்சு வயசுப் பாப்பா சோத்தை வாய்க்குக் கொண்டுபோனா முழங்கை மேல தூக்கிக்குதாம், கொம்பு ஊதுற மாதிரி. "பிறக்கும்போதே நரம்பு அடிபட்டுருச்சு. இப்போ தசையை மாத்தி வைக்கலாம்ங்கிறாங்க. அப்படின்னா என்னங்க தம்பி?"

பிரசவத்துல தலை வெளிய வந்து தோள் மாட்டிக்கிட்டா, கழுத்துல இருந்து கைக்குப் போற நரம்புக் கத்தை இழுபடலாம். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாவே சரியாகிடும். ஆனா 3 மாசம் ஆகியும் முழங்கையை மடக்கலைன்னா, நிபுணர்கிட்ட காட்டியே ஆகணும். நரம்பையே சரிசெய்யுற ஆபரேஷனை பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ள செய்வாங்க.

அந்தக் காலம் தாண்டிட்டா? கையை வெளிப்பக்கம் திருப்புற தசை பலவீனம். உள்பக்கம் திருப்புற தசை பலமா இருக்கு. கயிறு இழுக்கிற போட்டியில ஒரு பக்கம் ஆளே இல்லாத மாதிரி, தோள் உள்ளேயே திரும்பி நிக்கும்.

இங்கதான் இடமாற்றம். முதுகுல இருந்து வர்ற லாட்டிசிமஸ் டார்சை, டெரெஸ் மேஜர்னு இரண்டு தசைகள் மேல்கை எலும்பை உள்பக்கம் திருப்புது. அதோட முனையைக் கழட்டி, தோளோட பின்-வெளிப்பக்கத்துல தைச்சிடுவாங்க. அதே தசை, அதே நரம்பு, இழுக்கிற திசை மட்டும் வேற. லெபிஸ்கோப்போ 1934-லயே இதுக்கு வழி காட்டினார். ஹாஃபர் 1978-ல அதை மேம்படுத்தினார். இதே தத்துவத்துல, 1940-களோட கடைசியில வேலூர் சிஎம்சியில பால் பிராண்ட் தொழுநோயாளிகளோட விரல்களை நிமிர்த்தினார்.

ஆபரேஷனுக்கு அப்புறம் சில வாரம் மாவுக்கட்டு, பிறகு மாசக்கணக்குல பிசியோதெரபி. புது வேலையை மூளையும் பழகணுமே!

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: இது நரம்பைக் குணப்படுத்தாது. மூட்டோட பந்தும் கிண்ணமும் நல்லா இருந்தாதான் முழுப் பலன். வருஷக்கணக்கா தோள் உள்ளேயே திரும்பி இருந்தா, அந்தக் கிண்ணமே உருமாறிடும். அப்போ எலும்பை வெட்டித் திருப்பி வைக்க வேண்டி வரலாம். அதனால வெறும் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு காத்திருக்காதீங்க. பிசியோகிட்ட கத்துக்கிட்டு, முழங்கையை விலாவோட ஒட்டி வச்சு, முன்கையை மெதுவா வெளிப்பக்கம் திருப்புற பயிற்சியை தினமும் கொடுங்க.

அரசு மருத்துவமனையில இருக்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துல முதல்ல கேளுங்க. ஆபரேஷன்னா, கோவை கங்கா, சென்னை ஸ்டான்லி ரெண்டுமே கை அறுவை சிகிச்சைக்குப் பேர் போனவை.

அண்ணா, டாக்டர்கிட்ட முதல் கேள்வியா இதைக் கேளுங்க: "பாப்பாவோட மூட்டு இப்போ எப்படி இருக்கு?" மத்த முடிவெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்துதான்.