இரவல் தொலைநோக்கி

அமெரிக்காவின் சிற்றூர் நூலகங்கள் பலவற்றில் இன்று உறுப்பினர் அட்டையைக் காட்டினால், கதைப்புத்தகத்தோடு ஒரு தொலைநோக்கியையும் இரவல் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டில் ஒரு சிறுவனுக்கு நூலக அலமாரியைத் தொடவே அனுமதி கிடையாது. சாமானியர்களின் கையை நம்பலாம் என்று நூலகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக முடிவுசெய்ததால் நேர்ந்த மாற்றம் இது.

1870களின் அமெரிக்கப் பொது நூலகத்தில் வாசலைத் தாண்டியதும் நீளமான மேசை ஒன்று வழிமறிக்கும். புத்தகங்கள் எல்லாம் அதற்கு அப்பால். பட்டியலைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், பணியாளர் உள்ளே போய் எடுத்து வருவார். பல ஊர்களில் 12 அல்லது 14 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு நுழைவே இல்லை. திருடிவிடுவார்கள், கிழித்துவிடுவார்கள், இடம் மாற்றி வைத்துவிடுவார்கள் என்ற பயம். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாட்டக்கெட் ஊரில் மினர்வா சாண்டர்ஸ் என்ற நூலகர் அந்தக் காலத்திலேயே பிள்ளைகளுக்கென்று குட்டை நாற்காலிகள் போட்டார்; அலமாரிகளையும் வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். 1890-ல் கிளீவ்லாந்து நூலகத்தில் வில்லியம் ஹோவர்ட் பிரெட் அதையே ஒரு பெருநகரத்துக்குச் செய்துகாட்டினார். பிறகு மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாக வழிவிட்டன.

அலமாரி திறந்தது. அறிவியல் மட்டும் தாளோடு நின்றுவிட்டது. மின்சாரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஒரு மின்கலத்தையும் விளக்கையும் கம்பியால் இணைத்துப் பார்க்க அங்கே இடமில்லை.

ஆனால் அந்த நாட்டு நூலகத்தின் தொடக்கம் அப்படி இருக்கவில்லை. 1731-ல் பெஞ்சமின் பிராங்கிளினும் நண்பர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு பிலடெல்பியாவில் லைப்ரரி கம்பெனியைத் தொடங்கினார்கள். அதற்கு லண்டனிலிருந்து புத்தகம் வாங்கி அனுப்பிவந்தவர் பீட்டர் காலின்சன் என்ற துணி வணிகர். 1740களின் நடுவில் அவர் ஒரு கண்ணாடிக் குழாயையும், அதைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லும் குறிப்பையும் அனுப்பிவைத்தார். குழாயைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகும். விரலைக் கிட்டே கொண்டுபோனால் பொறி பறக்கும். பிராங்கிளினின் மின்சார ஆராய்ச்சி சூடுபிடித்தது அந்தக் குழாயில்தான். 1747-ல் காலின்சனுக்கு நன்றி சொல்லிக் கடிதமும் எழுதினார். காற்றை வெளியேற்றிச் சோதனை செய்யும் பம்பு ஒன்றும் அந்த நூலகத்தில் இருந்தது. புத்தகமும் கருவியும் ஒரே கூரையின்கீழ், பணம் கட்டிய உறுப்பினர்களுக்கென்று.

அடுத்த நூற்றாண்டில் கருவிகள் கல்லூரி ஆய்வகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போய்விட்டன. பொது நூலகத்துக்குப் புத்தகம் மிஞ்சியது. ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் அமெரிக்காவெங்கும் 1,600-க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்கள் எழுந்தபோதும் இந்தப் பாகுபாடு அப்படியே இருந்தது. அவற்றில் முதலாவது 1889-ல் பிராடக் என்ற உருக்காலை ஊரில் திறக்கப்பட்டது. ஆலையிலிருந்து கரியோடு வரும் தொழிலாளி குளிப்பதற்குக் கீழ்த்தளத்தில் குளியலறைகூடக் கட்டினார்கள். இரும்பை உருக்கி வார்க்கத் தெரிந்த கைகள் அவை. அந்தக் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து வாசிக்கச் சொன்னார்களே தவிர, அவற்றின் திறமைக்கு வாசிப்பறையில் வேலை எதுவும் வைக்கவில்லை.

இன்றைக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் நகருக்கு அருகே ஃபாயெட்வில் என்று ஓர் ஊர். ஸ்டிக்லி என்ற பெயர்பெற்ற மரச்சாமான் நிறுவனத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 2003-ல் அவ்வூர் நூலகம் குடியேறியது. 2011-ல், நூலகவியல் படித்த லாரன் பிரிட்டன் முன்வைத்த திட்டப்படி, யாரும் வந்து பொருள்களைச் செய்துபார்க்கும் பட்டறை ஒன்று அங்கே தொடங்கியது. அமெரிக்கப் பொது நூலகங்களில் முதலாவது மேக்கர் ஸ்பேஸ் என்று அதைச் சொல்கிறார்கள். 2013-ல் சிகாகோவின் மைய நூலகமும் 3டி பிரிண்டர், லேசர் கட்டரோடு இப்படி ஓர் அறையைத் திறந்தது. காலம் அதற்குக் கனிந்திருந்தது. பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைக்கும் 3டி அச்சு முறையின் மூலக் காப்புரிமை 2009-ல் முடிந்ததும், தொழிற்சாலைகள் மட்டுமே வாங்க முடிந்த இயந்திரம் மேசைமேல் வைக்கும் அளவுக்கும் விலைக்கும் இறங்கிவந்தது.

அத்தகைய அறையில் ஒரு பிள்ளை என்ன கற்கிறது? சைக்கிளில் விளக்கு மாட்ட ஒரு பிடி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் வரைந்து அச்சுக்குக் கொடுத்தாயிற்று. முதல் அடுக்கு தட்டில் சரியாக ஒட்டவில்லையென்றால், கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் இழை சிக்கலான இடியாப்பமாகக் கிடக்கும். தட்டைச் சமன்செய்து மறுபடி ஓடவிட்டால் பிடி உருப்படியாக வரும். ஆனால் சைக்கிள் குழாயில் ஏறாது. சூடு ஆறும்போது பிளாஸ்டிக் சற்றுச் சுருங்கும் என்பதை அப்போதுதான் கை கண்டுபிடிக்கிறது. துளையை ஒரு நூலிழை பெரிதாக்கி இன்னொரு முறை. பள்ளிக்கூடத்தில் முதல் விடை தப்பானால் மதிப்பெண் போய்விடும். இங்கே மதிப்பெண்ணும் இல்லை, மணியும் அடிப்பதில்லை. பொறியியல் என்பதே பிழையை அளந்து திருத்தும் வேலைதான் என்பது புரிய இப்படி ஓர் இடம் வேண்டும்.

பெரிய இயந்திரம் இருந்தால்தான் ஆகும் என்றில்லை. கோடை விடுமுறை நிகழ்ச்சிகளில் அமெரிக்க நூலகர்கள் விரும்பிச் செய்யும் ஒன்று, புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் மாறும் மணிகள். அறைக்குள் வெள்ளையாக இருக்கும் மணி வெயிலில் ஊதாவாகவும் மஞ்சளாகவும் மாறும். மர நிழலில் மாறுமா? மேகம் மூடிய நாளில்? சன்ஸ்கிரீன் களிம்பு பூசினால்? கண்ணாடி சன்னலுக்கு இந்தப் பக்கம் வைத்தால்? பிள்ளைகள் கையில் மணிச்சரத்தைக் கட்டிக்கொண்டு ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். அன்றைய நூலகர் கேள்விக்கு உரிய புத்தகத்தை எடுத்துத் தருபவர். இன்றைய நூலகர் கூடவே நின்று, “நீ என்ன நினைக்கிறாய்? செய்து பார்ப்போமா?” என்று திருப்பிக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறார். இயற்பியல் படித்திராத ஒருவருக்கு இது எளிதில்லை. விடை தெரியாமல் பிள்ளைகள் முன்னால் நிற்கத் துணிவு வேண்டும். இந்த மாற்றங்களில் நான் மிகவும் மதிப்பது அந்தத் துணிவைத்தான்.

தொலைநோக்கியை இரவல் தரும் வழக்கம் 2008-ல் நியூ ஹாம்ப்ஷயர் வானியல் சங்கத்தால் தொடங்கப்பட்டது. மேசைமேல் வைத்துப் பார்க்கக்கூடிய, நாலரை அங்குல ஆடி கொண்ட சிறிய கருவி அது. புத்தக அலமாரிக்கு அன்று இருந்த பயம் இதற்கும் இருந்தது: உடைப்பார்கள், தொலைப்பார்கள். சங்கத்தார் உட்கார்ந்து கருவியையே திருத்தினார்கள். தனியே கழன்றுவரும் கண்ணருகு வில்லைகளுக்குப் பதிலாக, கூட்டிக் குறைக்கும் ஒற்றை வில்லையைக் கழற்ற முடியாதபடி பொருத்தினார்கள். மூடிகளைக் கயிற்றால் கட்டினார்கள். தெரியாமல் திருகினால் ஆடியின் அமைப்பைக் குலைத்துவிடும் திருகுகளைக் கைக்கு அகப்படாமல் செய்தார்கள். பிறகு நிம்மதியாகக் கொடுத்தனுப்பினார்கள். நிலவின் பள்ளங்களையும் வியாழனைச் சுற்றும் நிலாக்களையும் வீட்டு முற்றத்திலிருந்தே பார்க்கலாம். இன்று இந்தத் திட்டம் மாநிலம் மாநிலமாகப் பரவியிருக்கிறது.

2017 ஆகஸ்ட் 21 அன்று முழுச் சூரிய கிரகணம் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தபோது, 7,000-க்கும் மேற்பட்ட நூலகங்கள் 20 லட்சத்துக்கும் அதிகமான பாதுகாப்புக் கண்ணாடிகளை இலவசமாகக் கொடுத்தன. வானத்தைப் பார்க்க எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு அன்று நூலகமே விடையாக இருந்தது.

இதெல்லாம் நூலகத்தின் வேலைதானா என்று கேட்பவர்கள் உண்டு. 1924-ல் கணித ஆசிரியர் பணியிலிருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்த எஸ்.ஆர்.ரங்கநாதனிடம் இதற்குப் பதில் இருக்கிறது. நூலகத்துக்கான ஐந்து விதிகளை 1931-ல் நூலாக வெளியிட்டபோது, புத்தகம் இருப்பது பயன்படுவதற்காக என்பதை முதலில் வைத்தார். ஐரோப்பாவில் ஒருகாலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அங்கே நினைவூட்டுகிறார். அந்தச் சங்கிலி, பொருள் வெளியே போகாமல் இருக்கக் கட்டியது. தொலைநோக்கியின் மூடியில் உள்ள கயிறு, அது துணிந்து வெளியே போவதற்காகக் கட்டியது. நூலகம் வந்த தொலைவு இவ்வளவு.

இழப்பும் இல்லாமல் இல்லை. இயந்திரம் இரையும் இடத்துக்குப் பக்கத்தில் அமைதியாக வாசிக்க முடியாது. அமைதிக்கும் தனி அறை ஒதுக்கியாக வேண்டும். பணமும் உறுதியில்லை. இத்தகைய அறைகள் பலவற்றுக்குக் கைகொடுத்தது, 1996-ல் உருவான மத்திய அரசின் அருங்காட்சியக, நூலகச் சேவை நிறுவனம். 2025 மார்ச்சில் அதைச் சுருக்கச் சொல்லி அதிபரின் ஆணை வந்தது. மாநிலங்கள் பல நீதிமன்றத்துக்குப் போயின. பெரிய நகரம் எப்படியும் சமாளிக்கும். ஒரே ஒரு பணியாளர் நடத்தும் சிற்றூர் நூலகம்தான் முதலில் அடிபடும்.

ஆகவே எதைக் காப்பது என்பதில் தெளிவு வேண்டும். இன்றைய 3டி பிரிண்டர் பத்தாண்டில் பழசாகிவிடும். அதற்கடுத்து எது வந்தாலும், “தொட்டுப் பார், கெட்டால் சரிசெய்வோம்” என்று சொல்ல அந்த அறையில் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத நூலகத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் உறை பிரிக்காமல் கிடக்கும். நல்ல நூலகர் ஒருவர் இருந்தால் ஒரு பிடி மணிகளே போதும். நூலகத்துக்கு நிதி ஒதுக்குபவர்கள் அவருடைய சம்பளத்தை முதலில் எழுதட்டும். கருவியின் விலையை அதற்கு அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.